போ என்றால் போகாத மொழிப் பட்டை

விண்டோஸில் தமிழ் கீபோர்டைச் சேர்த்தவர்களில் பலருக்கு அந்தச் சின்னப் பட்டையைத் தெரிந்திருக்கும். நீளம் ஒரு விரல்கூட இருக்காது. திரையின் வலது மேல் மூலைதான் அதற்குப் பிடித்த இடம். பிரவுசரைப் பெரிதாக்கினால் மூடும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். கீழே இழுத்துவிட்டால் எக்செல் கட்டங்களை மறைக்கும். மைனஸ் பொத்தானை அழுத்தினால் டாஸ்க் பாருக்குள் போய் ஒடுங்கும். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால் பழைய இடத்துக்கே வந்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை. நேர்மாறாக நடப்பதும் உண்டு: தேவைப்படும் நேரத்தில் எங்கே தேடினாலும் அகப்படாது.

லாங்குவேஜ் பார் எனப்படும் இந்தப் பட்டை 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பரவலானது. எந்த மொழியில் தட்டுகிறோம், எந்த விசைப்பலகை இயங்குகிறது என்று காட்டுவதுதான் வேலை. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது மொழி மாற்ற வேறு ஏற்பாடு செய்தார்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும், மொழிகளின் பட்டியல் வந்துவிடும். ஆனால் பழைய பட்டையை ஒழித்துக்கட்டவில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது ஒரு டிக் குறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. புதிதும் பழையதும் ஒரே வீட்டில் குடியிருப்பதால் வருவதுதான் பாதிச் சிக்கல்.

நான் சோதித்தது நத்தத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில். உள்ளூரில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், விண்டோஸ் 10. ஒப்பிட்டுப் பார்க்க விண்டோஸ் 11 போட்ட லேப்டாப் ஒன்று. டெஸ்க்டாப்பை மூன்று பேர் பயன்படுத்துகிறோம். எனக்குத் தமிழ் 99. அக்கா ரெடிமேட் சட்டைக்கு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறவர். எத்தனை டஜன் போனது, எவ்வளவு கூலி வர வேண்டும் என்ற கணக்கை எக்செலில் வைத்திருக்கிறார், அதுவும் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்ளும் முறையில். அக்கா மகள் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள், டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறாள். அவள் விரல்களுக்குப் பழக்கம் பழைய தட்டச்சு அமைப்பு. ஆக, ஒரே மெஷினில் மூன்று விசைப்பலகைகள். நத்தத்தைச் சுற்றி வீட்டுக்கு வீடு சட்டை தைக்கும் ஊர்களில் இது அபூர்வமான காட்சி இல்லை.

"மாமா, அது மறுபடி வந்துருச்சு" என்று அவள் கூப்பிட்டபோது முதலில் பார்க்க வேண்டியிருந்தது, வந்திருப்பது யார் என்பதை. மிதக்கும் பட்டை எல்லாம் விண்டோஸின் பட்டை அல்ல. தமிழ்த் தட்டச்சுக்கென்று வந்த மென்பொருள்கள் சிலவும் இதே மாதிரி ஒரு பட்டையைத் திரையில் மிதக்க விடும். அடையாளம் சுலபம். விண்டோஸ் பட்டையின் இடது ஓரத்தில் பிடித்து இழுப்பதற்கான புள்ளிக்கோடு இருக்கும்; வலது ஓரத்தில் மேலே மைனஸ், கீழே பொடியாக ஓர் அம்புக்குறி. ரைட் கிளிக் செய்தால் செட்டிங்ஸ் என்று வரும். இவை இல்லையென்றால் அது வேறு யாரோ. சந்தேகம் தீரவில்லையென்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிடிஎஃப்மான் என்ற நிரலை நிறுத்திப் பாருங்கள். பட்டை மறைந்தால் அது விண்டோஸுடையது. (சைன் அவுட் செய்து திரும்ப நுழைந்தால் நிரல் தானாக ஓடத் தொடங்கிவிடும், பயம் வேண்டாம்.) மறையவில்லையென்றால் டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், கம்ப்யூட்டரோடு சேர்ந்து எழும் மென்பொருள்களில் எது தமிழ்த் தட்டச்சு சார்ந்தது என்று தேட வேண்டும்.

எங்கள் வீட்டில் இருந்தது இரண்டும். யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து போட்ட, பெயர் சொல்லத் தேவையில்லாத பழைய மென்பொருள் ஒன்று தன் பட்டையை எல்லா ஜன்னலுக்கும் மேலே வைத்திருந்தது. அதற்கு அடியில் விண்டோஸ் பட்டை. ஒன்றை மூடினால் மற்றது தெரிந்தது, அதனால் மூடியதே திரும்பி வந்ததுபோல் தோன்றியது. பழைய மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்ததும் பாதிப் பேய் போய்விட்டது.

மீதிப் பாதிக்கு வழி செட்டிங்ஸில். விண்டோஸ் 10-ல் டிவைசஸ், டைப்பிங். விண்டோஸ் 11-ல் டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங். இரண்டிலும் அதற்கடுத்தது அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ். டெஸ்க்டாப் லாங்குவேஜ் பாரைப் பயன்படுத்து என்ற டிக் அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிதக்கும் பட்டை போய், கடிகாரத்துக்குப் பக்கத்தில் மொழிக்குறி மட்டும் நிற்கும். என்னைக் கேட்டால் பெரும்பாலோருக்கு இது போதும். பட்டை வேண்டும், ஆனால் வழியில் நிற்கக் கூடாது என்பவர்கள் டிக்கை விட்டுவிட்டு லாங்குவேஜ் பார் ஆப்ஷன்ஸைத் திறக்கலாம். மிதக்க விடு, டாஸ்க் பாரில் பதி, மறைத்து வை என்று மூன்று வழி இருக்கிறது. டாஸ்க் பாரில் பதிப்பதே நல்லது. மறைத்து வைத்தால் என்ன மொழியில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். பயன்படுத்தாதபோது பட்டையை மங்கலாக்கும் வசதியும் உண்டு. மங்கினாலும் இடத்தை அடைப்பது அடைப்பதுதான்.

பழைய வழியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 7-ல் டாஸ்க் பாரின் மேல் ரைட் கிளிக் செய்து டூல்பார்ஸ் என்று போனால் லாங்குவேஜ் பார் அங்கேயே இருக்கும். விண்டோஸ் 11-ல் டூல்பார்ஸ் என்ற பட்டியலையே எடுத்துவிட்டார்கள். இன்னும் அந்த வழியைச் சொல்லும் வீடியோக்களை நம்பி அரை மணி நேரம் வீணாக்க வேண்டாம்.

போன பட்டை திரும்பி வருவதில் நம் ஊர் மின்வாரியத்துக்கும் ஒரு பங்கு உண்டு. டாஸ்க் பார் சார்ந்த அமைப்புகள் பல, முறையாக சைன் அவுட் அல்லது ஷட் டவுன் செய்யும்போதுதான் வட்டில் எழுதப்படும். பராமரிப்புக்காக மின்நிறுத்தம் என்று பேப்பரில் போட்டிருப்பதைப் பார்க்காமல் வேலை செய்து, கரண்ட் போய் கம்ப்யூட்டர் அப்படியே அணைந்தால், செய்த மாற்றம் நிற்காமல் போகலாம். மாற்றம் செய்த கையோடு ஒருமுறை சைன் அவுட் செய்துவிடுங்கள். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய் வெறும் டப்பாவாக இருக்கும் வீடுகளுக்கு இது ரொம்ப முக்கியம்.

பட்டை காணாமல் போகும் கதை வேறு. அதை இயக்குவது மேலே சொன்ன சிடிஎஃப்மான். கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று வரும் மென்பொருள்களோ, சர்வீசுக்கு வந்தவரோ இதைத் தேவையற்றது என்று நிறுத்திவிடுவது உண்டு. அப்போது பட்டை மட்டும் போகாது. ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் ஓர் எழுத்துகூட விழாமல் போகும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று புதிது வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்: டாஸ்க் ஷெட்யூலரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டெக்ஸ்ட் சர்வீசஸ் ஃப்ரேம்வொர்க் என்று உள்ளே போனால் எம்எஸ்சிடிஎஃப்மானிட்டர் என்ற ஒரு பணி இருக்கும். அது டிசேபிள் ஆகியிருந்தால் எனேபிள் செய்தாலே போதும். சிடிஎஃப்மானின் உண்மையான இடம் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டர். அதே பெயரில் வேறு இடத்தில் ஒன்று ஓடினால் ஆன்டிவைரஸைக் கூப்பிடுங்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது பட்டை அல்ல, சொல்லாமல் மொழி மாறுவது. தமிழ் 99-ல் 'நத்தம்' என்று அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ந, த, த, ம, கடைசியில் புள்ளி. நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஓர் அரைப்புள்ளி, இரண்டு எல், ஒரு கே, ஒரு எஃப். விரல் தவறவில்லை, மொழி ஆங்கிலத்துக்குத் தாவியிருக்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் இடது ஆல்ட்டும் ஷிஃப்டும். இரண்டும் சேர்ந்தால் மொழி மாறும், வேறெதற்கோ கை போகும்போது தெரியாமல் சேர்ந்துவிடும். லாங்குவேஜ் பார் ஆப்ஷன்ஸ் திறக்கும் அதே பெட்டியில் அடுத்த பகுதி அட்வான்ஸ்டு கீ செட்டிங்ஸ். அங்கே இந்தச் சேர்க்கையை நாட் அசைண்டு ஆக்கிவிடலாம். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் எப்படியும் இருக்கின்றன.

இன்னொரு காரணம், ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி மொழி வைக்கும் வசதி. பிரவுசரில் ஆங்கிலத்தில் படிவம் நிரப்பிக்கொண்டே வேர்டில் தமிழ் அடிப்பவருக்கு அது வரம். தெரியாமல் இயங்கிக்கொண்டிருந்தால் சாபம். விண்டோஸ் 8-க்கு முன் இதுதான் இயல்பு. இப்போது அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் நாமே டிக் போட்டால்தான் வரும். எங்கள் டெஸ்க்டாப்பில் யாரோ போட்டிருந்தார்கள்.

பட்டியலில் சேர்க்காத ஆங்கிலம் ஒன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. இங்கிலீஷ் இந்தியா மட்டும் வைத்திருப்போம், கூடவே இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ் வந்து நிற்கும். செட்டிங்ஸில் தேடினால் இருக்காது, நீக்கவும் முடியாது. இதற்கு ஒரு வேடிக்கையான வைத்தியம்: அந்த மொழியை முறைப்படி நாமே சேர்த்து, உடனே நீக்கிவிடுவது. பெரும்பாலும் பலிக்கும்.

இப்போது விண்டோஸிலேயே இன்ஸ்கிரிப்ட், தமிழ் 99, அஞ்சல், ஃபொனடிக் என்று விசைப்பலகைகள் இருக்கின்றன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்ற தமிழ் 99 இதில் சேர்ந்தது பெரிய விஷயம். எனக்கும் அக்காவுக்கும் வெளி மென்பொருளே தேவைப்படவில்லை. அக்கா மகளுக்குத்தான் வழி இல்லை. பயிலகத்தில் கற்று, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தேர்வு எழுதி வருகிறவர்களின் பழைய தட்டச்சு அமைப்பு விண்டோஸோடு வருவதில்லை. அவர்களுக்கு என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவைதான் கதி. நான் என்எச்எம் ரைட்டரை வைத்தேன். இலவசம், சின்னது, மிதக்கும் பட்டை கிடையாது. ஆல்ட்டோடு ஓர் எண்ணைத் தட்டினால் முறை மாறும். ஒரே நிபந்தனை, அது இயங்கும்போது விண்டோஸின் மொழி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் தமிழில் இருந்தால் வருவது எந்த மொழியும் இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த மென்பொருளுக்குள் தமிழ் விழவில்லையென்றால், ரைட்டரையும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே திறக்க வேண்டும்.

பட்டையின் மேல் பழி போட முடியாத ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா நெருங்கினால் நோட்டீஸ் அடிக்கும் வேலை குவியும். வீட்டில் யூனிகோடில் அடித்துக்கொண்டு போன வாசகம், பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் வைத்திருக்கும் டிடிபி கடையில் கேள்விக்குறிகளாகத் தெரியும். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. என்எச்எம் கன்வெர்ட்டரில் பாமினியாக மாற்றி எடுத்துப் போனால் வேலை முடிந்தது.

தீர்ப்பு: விண்டோஸ் 8-க்குப் பிறகு மிதக்கும் மொழிப் பட்டைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலை இல்லை. டிக்கை எடுங்கள், கடிகாரப் பக்கத்துக் குறியையும் விண்டோஸ் ஸ்பேஸையும் பழகிக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் புழங்கும் கம்ப்யூட்டரென்றால் ஓர் ஆங்கிலம், ஒரு தமிழ் தவிர மற்ற விசைப்பலகைகளை நீக்குங்கள். எங்களைப் போல மூன்று பேர் என்றால் ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட் திறப்பதுதான் சரி, விசைப்பலகைத் தேர்வு அக்கவுண்டோடு போய்விடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் அதில் இந்தப் பட்டை இனித் திருந்தும் என்று காத்திருக்க வேண்டாம். சர்வீசுக்கு வருபவர் பட்டைப் பிரச்சினைக்கு ஃபார்மேட் போட வேண்டும் என்றால், முதலில் மேலே சொன்ன டிக் குறியைக் காட்டுங்கள்.