நேபாளத்து மனைத் திருமேனிகள்

வச்சிரயானத் தெய்வங்களின் உலோகத் திருமேனிகளை நோக்குவார் பெரும்பாலும் இரு பிழைகளுள் ஒன்றிற்கு ஆளாகின்றனர். பல சிரமும் பல கரமுங் கண்டு அருவருப்பார் ஒருசாரார். அணிகலன்களின் நுட்பங் கண்டு வியந்து அலமாரிப் பொருளாகக் கொள்வார் மற்றொருசாரார். அவை எவ்விடத்திற்காக ஆக்கப்பட்டன என்பதை இருசாராரும் மறந்தனர். ஒரு சாண் உயரமுடைய தாரையின் படிமம் பெருங்கோயிற் கருவறைக்குரியதன்று. மனையின் பூசையறையிற் கைக்கெட்டுந் தூரத்தில் அமர்ந்து தியானிப்பான் ஒருவனது கண்ணுக்குரியது. ஆதலின் அதனைத் தொலைவில் நின்று அளத்தல் பொருந்தாது.

இத்திருமேனிகளை வார்ப்பதிற் பேர்பெற்றவர் நேபாளத்து லலிதபுர நகர் நேவாரிகள். அவருள்ளும் சாக்கிய வகுப்பினர். இந்நாட்டுக் கலைஞனாகிய அரணிகோ (1245–1306) திபெத்துக்குச் சென்று, பின்னர்க் குப்ளாய் கானின் அவையிற் பணிபுரிந்தான் என்பது வரலாறு.

வார்ப்பு முறை நம் தபதியர் கையாளும் மெழுகு வார்ப்பே. தேன்மெழுகிற் குங்கிலியங் கூட்டிக் கருவமைத்து, மண்பூசி, மெழுகை உருக்கி வடித்து, வெற்றிடத்தில் உலோகம் பாய்ச்சுவர். வேறுபாடு இரண்டு. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் கனமாக வார்க்கப்பட்டவை. நேபாளத்தன பெரும்பாலும் உட்பொள்ளலானவை. அப்பொள்ளலை மந்திரச் சுருள்களால் நிரப்பி, அடியைச் செப்புத் தகட்டால் மூடிப் பிரதிட்டை செய்வர். தகடு பெயர்ந்து, உள்ளீடிழந்து நூதனசாலைகளில் நிற்பன பல. அவற்றை முழுமையான படிமங்களாகக் கொண்டு ஆராய்தல் ஏட்டின் மேலட்டையை மட்டும் ஆராய்தல் போலும். மற்றையது, கலப்புக் குறைந்த செம்பை அவர் விரும்புதல். செம்பு அச்சினுள் எளிதிற் பாயாது. ஆயினும் உளிக்கு இணங்கும், பொன்முலாமை மாசின்றி ஏற்கும். பொன்னை இரசத்தோடு கலந்து பூசித் தீயிற் காட்ட, இரசம் ஆவியாய்ப் போகப் பொன் நிற்கும். அவ்வாவி கொடிய நஞ்சு. முலாமின் ஆழ்ந்த நிறத்தைப் புகழ்வோர் அதனைச் சுவாசிக்குந் தொழிலாளரைப் பற்றி ஒரு சொல்லேனும் எழுதுவது அரிது.

1959 இன் பின் அகதிகளாய் வந்த திபெத்தியராலும், பின்னர் மேனாட்டாராலும் வணிகம் பெருகிற்று. ஒரு மூலத்தினின்று அச்செடுத்துப் பல மெழுகுருக்களை ஆக்குவதாற் கலை கெட்டதென்பர் சிலர். அஃது ஒப்பத்தக்கதன்று. வார்ப்பு முடிந்து வெளிவருவது கரடுமுரடான உருவே. இமை, விரல்நுனி, ஆடையின் பூவேலை யாவும் உளியாலே செம்மை பெறுகின்றன. ஒரே மூலத்திற் பிறந்த இரு தாரைகளுள் ஒன்று அருள்நோக்கும் மற்றொன்று வெற்றுநோக்கும் உடையதாதல் இதனாலேயே. உண்மையான குறை அணிகலப் பெருக்கமாகும். பச்சைத் தாரையின் வலக்கால் நீண்டு கீழிறங்கியிருப்பது, அழைத்தவுடன் எழுந்துவரச் சித்தமாயிருத்தலைக் குறிப்பது. அக்காலைச் சுற்றி மணிகளையும் கொடிகளையும் நெருக்கிப் பதித்தால், எழவேண்டியவள் கட்டுண்டவளாகின்றாள். இன்றைய படிமங்கள் பலவற்றில் இக்குறை உண்டு.

இதனினும் வெறுக்கத்தக்கது பழமை வேடம். நாட்பூசையிற் குங்குமமிட்டுத் தடவித் தடவி முகந் தேய்ந்த திருமேனிகள் நேபாளத்தில் உள; அத்தேய்வுக்கு விலையுண்டென்று கண்ட வணிகர், புதியவற்றைத் தேய்த்துப் புகையூட்டி விற்கின்றனர். தலைமுறைகளாகக் கைபட்ட செம்பிற் கன்னமும் முழங்காலும் மகுட விளிம்பும் ஒருங்கே மழுங்கியிருக்கும். அரத்துக்கு மூக்கு மட்டுமே தெரியும்.