அண்மையில் படித்தவை

கடலூர் முதுநகருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே அலுவல் நிமித்தம் அடிக்கடி சென்று வருகிறவர் நாம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வண்டி நின்று நின்று செல்லும் நேரமே நமக்குப் படிக்க வாய்த்த நேரம். அவ்விதம் படித்த சில நூல்களைப் பற்றி மனத்தில் பட்டதைச் சொல்கிறோம். இவை புலவர் தீர்ப்புகள் அல்ல.

முதலில் சீறாப்புராணம். முழுவதும் படித்தோம் என்று சொல்லத் துணிவில்லை. 5027 பாடல்களுள் விலாதத்துக் காண்டத்தை மட்டுமே முடித்திருக்கிறோம். இளமையில் இதன் நாட்டுப் படலத்தைப் படித்தபோது நமக்குச் சிரிப்பே வந்தது. பாலை நிலமாகிய அரபு நாட்டில் உமறுப் புலவர் மழையைப் பொழிவிக்கிறார். ஆற்றில் வெள்ளத்தைப் பெருக்குகிறார். வயலில் உழவரை இறக்கிவிடுகிறார். 'புலவர் அரபு நாட்டைக் கண்டதில்லை போலும்' என்று நண்பர்களிடம் கேலி பேசியதுண்டு. இம்முறை, கிள்ளை தாண்டிச் சிதம்பரத்தை நெருங்கும்போது இருபுறமும் நாற்று நட்ட வயல்கள் கண்ணில் பட்டன. அந்தப் பாடல்களைக் கேட்க அமர்ந்திருந்தவர் யார் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. நீரும் நெல்லும் அன்றி வளத்துக்கு வேறு உருவம் அறியாத மக்களிடம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோன்றிய மண்ணின் மேன்மையை வேறு எவ்வாறு உரைப்பது? கேலி செய்த வாய்க்கு வெட்கமாகத்தான் இருந்தது.

சீதக்காதி வள்ளலை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லை. அவருக்குப் பின் இக்காப்பியம் தொடர்ந்து வளர ஆதரவளித்தவர், மஹ்மூது பந்தர் எனப்பட்ட பரங்கிப்பேட்டையின் அபுல்காசிம் மரைக்காயர் என்பது வழிவழி வந்த செய்தி. கம்பர் சடையப்ப வள்ளலைப் போற்றியதுபோல் உமறு இவரைத் தம் பாட்டுக்குள்ளேயே வைத்துப் போற்றியிருக்கிறார். வண்டியில் உடன் வந்த பரங்கிப்பேட்டை இளைஞர் ஒருவரிடம் இப்பெயரைச் சொன்னோம். 'எந்தக் கடைக்காரர்?' என்று கேட்டார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் 1842இல் அச்சேற்றித் தந்த நூலை, வீட்டுக்கு வீடு அலமாரியில் வைத்துப் பூட்டியவர்கள் நம் தலைமுறையினர்தாமே!

சிதம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 1985இல் மறைந்த மௌனியின் கதைகளையும் படித்தோம். மொத்தமே இருபத்து நான்கு கதைகள் அளவில்தான். புகழ்வோர் பலர், நமக்கோ பனிமூட்டத்தில் கைவிளக்கின்றி நடந்ததுபோல் இருந்தது. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் 'யாருக்காக அழுதான்' அப்படியன்று. செய்யாத திருட்டுக்குப் பழி சுமந்து நிற்கும் ஜோசப்பைப் படித்த அன்று, இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டோம்.

தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'க்கு வருவோம். தேங்காய்ப்பட்டணத்து வழக்கு முதல் இருபது பக்கங்களுக்கு நம்மைத் திணறடித்தது. பிறகு நம் பாட்டியார் பேசிய சொற்களே ஆங்காங்கே காதில் விழுந்தன. வடக்கு வீட்டு முதலாளியின் குலப்பெருமை, ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் கெட்டுவிடும் என்ற கூச்சல், தங்ஙளைச் சுற்றிக் கூடும் பாமரக் கூட்டம் ஆகிய எதனையும் அவர் பூசி மெழுகவில்லை. 'நம் வீட்டுக் குறையை நாமே தெருவில் கொண்டுபோய்க் கொட்டுவதா?' என்று நண்பர் ஒருவர் சினந்தார். நூலாக 1988இல் வருமுன் இக்கதை 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது என்பதை அவருக்கு நினைவூட்டினோம். நம் கூடத்தில், நம்மவரை எதிரே அமரவைத்துச் சொன்ன கதை அது. தெருவில் கொட்டியதாக எப்படிக் கூற முடியும்?

அதே நண்பருக்கு சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைக் காட்ட நமக்கே தயக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். 2004இல் வெளிவந்த நாவல். உறவுமுறைகள் பெருகிக் குழப்புவதால் அட்டையின் உட்புறம் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டே படித்தோம். ஆண்கள் பெரும்பாலும் வாசற்படியில் விழும் நிழல்களாகவே வருகிறார்கள். இது நூலின் குறை என்றே கருதுகிறோம். ஆயினும், சிறுமி ராபியாவின் கண் வழியே விரியும் அந்த வீடுகள் பொய்யல்ல. பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இடங்களைப் படிக்கையில், நம் வீட்டு உள்ளறையில் இத்தனை ஆண்டுகள் நம் காதில் விழாத பேச்சு எவ்வளவு என்ற எண்ணம் நம்மைச் சுட்டது. பிர்தவ்ஸின் முடிவைப் படித்தபின் இரண்டு நாள் வேறு புத்தகம் தொடவில்லை.

இந்த நாவலை நம் தமக்கையார் மகள் கேட்டாள். 'படித்து முடிக்கவில்லை' என்று பொய் சொல்லி ஒரு வாரம் கடத்தினோம். எழுதியவரே பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர் என்று பின்னர் அறிந்தபோது, அந்தப் பொய் உறுத்தியது. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தோம். தமக்கையார் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'பெயரெல்லாம் நம்ம சொந்தக்காரங்க பேராவே இருக்கே' என்றார். அவரும் படிக்கத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.