விம் கையேட்டில் டேப் அமைப்புகளின் விளக்கம்

விம் என்பது பிராம் மூலெனார் உருவாக்கி 1991 ஆம் ஆண்டு வெளியிட்ட உரைத்தொகுப்பி ஆகும். இதன் விரிவான உதவிக் கையேடு மென்பொருளுடனேயே கிடைக்கிறது. எனினும் டேப்ஸ்டாப், சாஃப்ட்டேப்ஸ்டாப் ஆகிய இரண்டு அமைப்புகளுக்கு அக்கையேடு நெடுங்காலம் தந்துவந்த விளக்கம் தெளிவற்றது.

ஒரு சொல், இரு பொருள்

கோப்பிலுள்ள ஒரு டேப் எத்தனை இடைவெளிகளாகக் கணக்கிடப்படும் என்பதே டேப்ஸ்டாப் என்று கையேடு கூறியது. திருத்தும்போது ஒரு டேப் எத்தனை இடைவெளிகளாகக் கணக்கிடப்படும் என்பதே சாஃப்ட்டேப்ஸ்டாப் என்றும் கூறியது. முதலாவதில் டேப் என்பது கோப்பில் சேமிக்கப்படும் வரியுரு. இரண்டாவதில் அது விரலால் அழுத்தப்படும் விசை. இரண்டுக்கும் ஒரே சொல் ஆளப்பட்டதால், புதிய பயனர் இவ்விரு அமைப்புகளையும் ஒன்றெனவே கருத நேரும்.

முதல் விளக்கம் இன்னொரு வகையிலும் குறையுடையது. டேப் வரியுருவுக்கு நிலையான அகலம் இல்லை. அது அடுத்த நிறுத்தம் வரை நீள்கிறது. டேப்ஸ்டாப் 8 ஆக இருக்கும்போது வரியின் தொடக்கத்தில் வரும் டேப் 8 இடங்களை நிரப்பும். மூன்று எழுத்துகளுக்குப் பின் வரும் டேப் 5 இடங்களையே நிரப்பும். "எத்தனை இடைவெளிகள்" என்ற தொடர் இதை மறைத்துவிடுகிறது.

விளைவுகள்

டேப்ஸ்டாப் 8, சாஃப்ட்டேப்ஸ்டாப் 4 என அமைத்து, டேப்பை இடைவெளியாக மாற்றும் எக்ஸ்பேண்ட்டேப்பை இயக்காமல் விட்டால், விசையை ஒருமுறை அழுத்தும்போது நான்கு இடைவெளிகள் விழும். மறுமுறை அழுத்தினால் அவை மறைந்து ஒரு டேப் வரியுரு வரும். திரையில் வரிகள் ஒழுங்காகவே தெரியும். கோப்பில் இரண்டும் கலந்திருக்கும். இத்தகைய கலப்பை பைத்தான் 3 பிழையெனக் கூறி நிறுத்திவிடும். மறுபுறம், எக்ஸ்பேண்ட்டேப்பை இயக்கியபடி மேக்ஃபைல் எழுதினால், கட்டளை வரியின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய டேப் இல்லாமல் போகும். இரு பிழைகளும் கண்ணுக்குப் புலப்படாதவை.

மதிப்பீடு

இவ்வமைப்புகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் சில முறைகளையும் கையேடு வரிசைப்படுத்தியுள்ளது, அது பயனுள்ளதே. ஆனால் காரணம் புரியாமல் முறையை மட்டும் படியெடுப்பவர், கோப்பு மாறியதும் மீண்டும் தடுமாறுவார். டேப்ஸ்டாப் டேப்பைத் திரையில் காட்டும் விதத்தை மாற்றுகிறது. எக்ஸ்பேண்ட்டேப் கோப்பில் எழுதப்படுவதை மாற்றுகிறது. சாஃப்ட்டேப்ஸ்டாப் விசை நகர்த்தும் தொலைவை மாற்றுகிறது. விசை, வரியுரு, திரை என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லும் ஒரு வாக்கியம் தொடக்கத்திலேயே இருந்திருந்தால் இக்குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கியிருக்கும்.