ஒற்றை பீப்

புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. வீட்டில் எல்லோர் முகமும் சுருங்கும் அந்தக் கட்டம்தான் எனக்குப் பிடித்தது.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் இருந்துகொண்டு, சென்னை ரிச்சி தெருவுக்கு ஓடிப்போய்ப் பாகம் மாற்றிவர முடியாது. இருப்பதை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மதர்போர்டில் செருகும் பொட்டளவு ஸ்பீக்கர் போதும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியே தன்னைச் சோதித்துக்கொண்டு, எல்லாம் சரியென்றால் ஒரு குட்டி பீப் போடும். திரைக்கு உயிர் வருமுன்பே பேசும் வாய் அது. பீப் கணக்கு பயாஸுக்கு பயாஸ் மாறும். கையேடு பக்கத்தில் இருக்கட்டும்.

இன்றைய போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என நான்கு குட்டி விளக்குகள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டிராம் என்றால், ஒரே ஒரு ராமை மட்டும் கையேடு சொல்லும் ஸ்லாட்டில், ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்திப் பார்க்கலாம். டிடிஆர்5 ஆனால் அவசரம் கூடாது. முதல்முறை ராமோடு பழகிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுக்கும். பாதியில் அணைப்பவர்களே அதிகம். பிராசஸருக்கான 8 பின் ஒயரை மறந்தவர்களும், கிராஃபிக்ஸ் கார்டை விட்டுவிட்டு மதர்போர்டில் மானிட்டர் கேபிளைச் செருகியவர்களும் அடுத்த வரிசை.

கேஸோடு அந்த ஸ்பீக்கரை இப்போது பலர் தருவதில்லை. கேட்டு வாங்குங்கள்.