வளைவில் ஒரு நிலையம்

நியூயார்க்கில் 6-ஆம் எண் சுரங்க ரயில் தெற்கே வந்து புரூக்ளின் பிரிட்ஜ் நிலையத்தில் ஓட்டத்தை முடித்துக்கொள்கிறது. இறங்காமல் உட்கார்ந்திருந்தால், வடக்கே திரும்புவதற்காக அந்த வண்டி அடிக்கும் வட்டத்தில் நாமும் கூடப் போகலாம். சக்கரங்கள் கிறீச்சிடும். இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. பிறகு ஜன்னலுக்கு வெளியே வில்வளைவுகள் ஒன்றின்பின் ஒன்றாக எழும். பச்சையும் வெளிர் மஞ்சளுமாக ஓடுகள் மின்னும். ஆளில்லாத நடைமேடை ஒன்று வளைந்து விலகிப் போகும். அதுதான் பழைய சிட்டி ஹால் நிலையம்.

1904 அக்டோபர் 27 அன்று அந்நகரின் முதல் சுரங்க ரயில் புறப்பட்டது இங்கிருந்துதான். மேயர் மெக்கிளெல்லன் சடங்குக்காக வண்டியைக் கிளப்பிவிட்டு ஓட்டுநரிடம் ஒப்படைக்க வேண்டியவர். கைப்பிடியை விட மனம் வராமல் 103-ஆம் தெரு வரை அவரே ஓட்டிப் போனார். கட்டணம் 5 சென்ட்.

அதே தடத்தில் மற்ற நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தட்டையான கூரை, வரிசையாக இரும்புத் தூண்கள். இங்கே தூண் கிடையாது. தண்டவாளமே வட்டமாகத் திரும்பும் இடம் என்பதால், ஹைன்ஸ், லஃபார்ஜ் என்ற இரு கட்டடக் கலைஞர்களும் அந்த வளைவை மறைக்கப் பார்க்கவில்லை. மேடை வளைகிறது, சுவர் வளைகிறது, தலைக்கு மேல் கூரையும் வளைகிறது. சில மாடங்களின் உச்சியில் ஈயச் சட்டமிட்ட கண்ணாடி. மேலே இருக்கும் பூங்காவின் வெயில் அதன் வழியே பூமிக்குள் இறங்கியது. பித்தளைச் சரவிளக்குகளும் உண்டு.

என் கண் போய் நிற்பது கூரையில்தான். அது குவாஸ்டவினோ குடும்பத்தின் கைவேலை. வலென்சியாவில் பிறந்த ரஃபேல் குவாஸ்டவினோ 1881-இல் மகனோடு அமெரிக்கா வந்தபோது, ஸ்பெயினின் கிழக்குக் கரைக் கொத்தர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த வேலையைக் கொண்டுவந்தார். கல் வளைவு கட்டுவதென்றால் அடியில் கனமான சென்ட்ரிங் வேண்டும். கடைசிக் கல் இறுகும்வரை மரம்தான் சுமக்கும். இவர்களோ ஏறக்குறைய ஓர் அங்குலக் கனமுள்ள தட்டோடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, நொடியில் இறுகும் ஜிப்சம் சாந்தில் ஒட்டினார்கள். கொத்தனார் கையை எடுப்பதற்குள் ஓடு அந்தரத்தில் நின்றுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, கீழ்வரிசையின் இணைப்புகள் மூடும்படி அடுத்த அடுக்கு, பிறகு இன்னொன்று. அடுக்குகள் ஒட்டிச் சேர்ந்து முட்டையோடு மாதிரி ஒரே உடலாகிவிடும். அந்த மெல்லிய கனத்துக்குப் பலத்தைக் கொடுப்பது வடிவம். அடியிலிருந்து பார்க்கிறவருக்கோ மீன்முள் வரிசையில் ஓடுகள் மட்டுமே தெரியும். பூச்சு கிடையாது. கட்டிய விதமே அலங்காரமாகிவிட்டது. எனக்கு இதற்கு மேல் ஒரு கட்டடத்திடம் கேட்க எதுவுமில்லை.

வளைவு அந்தக் கூரைக்கு உயிர் கொடுத்தது, வண்டிக்குத்தான் ஒத்துவரவில்லை. கூட்டம் பெருகப் பெருக ரயில்கள் நீண்டன. பெட்டிகளின் நடுவிலும் கதவு வந்தது. நேரான பெட்டி வளைந்த மேடையருகே நின்றால் கதவுக்கும் மேடைக்கும் நடுவே ஆள் விழும் அளவுக்குச் சந்து விழும். பக்கத்திலேயே புரூக்ளின் பிரிட்ஜ் நிலையம் இருக்க, இங்கே ஏற வந்தவர்களும் சொற்பம். 1945 டிசம்பர் 31 அன்று மூடினார்கள். 1979-இல் நகரம் இதன் உட்புறத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. போக்குவரத்து அருங்காட்சியகம் தன் உறுப்பினர்களை அவ்வப்போது உள்ளே அழைத்துப் போகிறது.

மற்றவர்களுக்கு 6-ஆம் எண் ரயில் இருக்கிறது. இந்தத் திருப்பத்தில் எந்த வண்டியும் வேகமெடுக்க முடியாது. ஊர்ந்துதான் போக வேண்டும். அதனால்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரால் ஒரு மாடத்திலிருந்து அடுத்த மாடத்துக்கு மீன்முள் வரிசையைக் கண்ணாலேயே தொடர்ந்து போக முடிகிறது.