குறித்த தவணையில்

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியிலிருந்து செட்டியார் தெருப் பக்கம் நடந்தால் நகைக்கடைப் பெயர்ப்பலகைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவற்றிலும், தமிழ்ப் பத்திரிகை விளம்பரங்களிலும், கடை கொடுக்கும் கலண்டரிலும் நெடுங்காலமாகப் புழங்கும் வாசகம் ஒன்று உண்டு: 22 கரட் தங்க நகைகள் ஓடருக்குக் குறித்த தவணையில் செய்து கொடுக்கப்படும். பழைய பாணி என்று இதை ஒதுக்குவோர் பலர். நான் இதை நல்ல விளம்பர எழுத்து என்றே சொல்வேன்.

நகை செய்விக்க வருபவருக்கு இரண்டு பயம். தங்கம் சரியானதா? நாளுக்குக் கைக்கு வருமா? மாப்பிள்ளை வீட்டில் நாள் பார்த்துப் பொன்னுருக்கியாயிற்று, மண்டபமும் எடுத்தாயிற்று. பிறகு பத்தர் “நாளைக்கு வாங்கோ” என்று இழுத்தடித்தால் அந்த வீட்டின் நிலை என்ன? இந்தப் பயத்தை அறிந்த ஒருவர்தான் ‘குறித்த தவணையில்’ என்று முதலில் எழுதியிருக்க வேண்டும். ‘22 கரட்’ என்பதும் வெறும் அலங்காரமல்ல. 24இல் 22 பங்கு, அதாவது நூற்றுக்குச் சுமார் 91.7. எட்டுக் கிராம் பவுணில் ஏறக்குறைய 7.3 கிராம் சுத்தத் தங்கம். உரைத்துப் பார்த்துக் கடைக்காரரைக் கேள்வி கேட்கலாம். ‘நம்பிக்கையின் சிகரம்’ என்று எழுதினால் அதை எந்தக் கல்லில் உரைப்பது? 1958இல் விளம்பர எழுத்தாளர் டேவிட் ஒகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய புகழ்பெற்ற தலைப்பும் இந்த வழிதான்: மணிக்கு 60 மைல் வேகத்தில் கேட்கும் மிகப் பெரிய சத்தம் காரிலுள்ள கடிகாரத்தினுடையது என்றார். சொகுசு என்ற சொல்லே அதில் இல்லை.

  

ஆனால் எல்லாக் கடைகளும் ஒரே வரியை எடுத்துக்கொண்டபின் அது எந்தக் கடையையும் காட்டித்தருவதில்லை. தவணை தவறினால் என்ன செய்வோம் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அந்தக் கடை தனித்துத் தெரிந்திருக்கும்.

இதைவிடப் பெரிய குறை, வாசகம் மௌனமாக இருக்கும் இடம். கூலி எவ்வளவு? கல்லின் நிறைக்கும் தங்க விலையா? திரும்பக் கொடுத்தால் எதைக் கழிப்பார்கள்? குடும்பத்தின் சேமிப்பு கரைவது இந்த இடங்களில்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வர்த்தகர் மக்களைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. விளம்பரம் எழுதுபவரோ பொய் சொல்லாமலே முக்கியமானதை விட்டுவிடலாம். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசோடு வரும் ஒரு தாய்க்கு அந்த விடுபடல் பொய்யைவிடக் குறைந்த நட்டமல்ல.

தங்க விலை நாளுக்கு நாள் மாறும், கூலி வேலைப்பாட்டைப் பொறுத்தது, அதை எப்படி விளம்பரத்தில் போடுவது என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. விலையைப் போட வேண்டியதில்லை. தங்கம், கூலி, கல் மூன்றும் பில்லில் தனித்தனியே எழுதித் தரப்படும் என்று போடலாம். அந்த வரி எந்த நாளிலும் மாறாது. எழுதிய கடையே அதற்குக் கட்டுப்பட வேண்டும்.