மறைந்த நாடுகளுக்கு யார் பொறுப்பு?
விக்கிப்பீடியாவின் கூட்டு உழைப்பு குறித்து ஒரு மதிப்பீடு

ஹவுரா நிலையத்தில் பாண்டேல் லோக்கல் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று அயல்நாட்டு ஆட்சிப் பகுதிகளைக் கடந்துவிடலாம். ஸ்ரீராம்பூர் 1755 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களின் ஊர். சந்தன்நகர் பிரெஞ்சுக்காரர்களின் ஊர். சுன்சுரா 1825 வரை டச்சுக்காரர்களின் ஊர். இந்த மூன்றுக்கும் தமிழகக் கடற்கரையில் உடன்பிறப்புகள் உண்டு. தரங்கம்பாடியும் ஸ்ரீராம்பூரும் 1845இல் ஒரே விற்பனையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. புதுச்சேரியும் சந்தன்நகரும் ஒரே பிரெஞ்சிந்தியாவின் உறுப்புகள். பழவேற்காடும் சுன்சுராவும் 1824ஆம் ஆண்டின் ஆங்கில–டச்சு உடன்படிக்கையால் கைமாறியவை. கொல்கத்தாவில் வாழும் தமிழர்களாகிய நாம் இந்த உறவின் இரண்டு முனைகளையும் அறிந்தவர்கள். அல்லது அறிந்திருக்க வேண்டியவர்கள்.

இப்படி இருந்து மறைந்த நாடுகளையும் ஆட்சிகளையும் பற்றி இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில் தன்னார்வலர்கள் கூடி எழுதுகிறார்கள். அந்தக் கூட்டு உழைப்பின் முறை எவ்வளவு தூரம் சரி, எங்கே இடறுகிறது, அதில் நமக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனி மனிதர், நிறுவனம், கூட்டம்

கலைக்களஞ்சியம் என்பது நமக்கும் வங்காளிகளுக்கும் புதிதல்ல. நகேந்திரநாத் பாசுவின் 'விஸ்வகோஷ்' 22 தொகுதிகளாக 1911இல் நிறைவு பெற்றது. பாக்பஜாரில் ஒரு சந்துக்கே விஸ்வகோஷ் லேன் என்று பெயர் வந்தது. அதற்கு ஓராண்டு முன்னால், 1910இல், ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வெளிவந்தது. இரண்டும் பெரும்பாலும் ஒரு மனிதரின் பிடிவாதத்தால் நிமிர்ந்தவை. பிறகு நிறுவனத்தின் காலம் வந்தது. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946இல் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளைக் கொண்டுவந்தது. அங்கே ஒரு பெயரை எப்படி எழுதுவது, ஓர் ஆண்டை எப்படிக் குறிப்பது என்று ஐயம் வந்தால் தீர்ப்புச் சொல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தார்.

மூன்றாவதாக வந்ததுதான் கூட்டத்தின் காலம். ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரியிலும், தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரிலும், வங்காள விக்கிப்பீடியா 2004 ஜனவரியிலும் தொடங்கின. தமிழில் ஆரம்ப ஆண்டுகளில் பாரம் சுமந்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். அவர் அந்த வேலையை அமீரகத்தில் இருந்துகொண்டு செய்தார் என்பதைப் புலம்பெயர்ந்த நாம் மறக்கக் கூடாது. 2017இல் தமிழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. சம்பளம் இல்லை, பதவி இல்லை. இது சாதாரணக் காரியம் இல்லீங்க.

ஆனால் இங்கே தூரன் இல்லை. தீர்ப்புச் சொல்லும் நாற்காலி காலியாகவே இருக்கும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. 'ஆலமரத்தடி' என்று தமிழ் விக்கிப்பீடியாவில் பொது உரையாடலுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் நாட்டாமை இல்லாத ஆலமரம். இருப்பவர்கள் பேசித்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பெட்டிக்குள் அடங்காத நாடுகள்

உயிரோடு இருக்கும் நாட்டைப் பற்றிய கட்டுரைக்குக் காவலர் உண்டு. இலங்கை பற்றித் தப்பாக ஒரு வரி எழுதினால் பத்துப் பேர் வந்து திருத்துவார்கள். மறைந்த நாட்டுக்குக் குடிமக்கள் இல்லை. தப்பை யார் கேட்பது? இதை உணர்ந்துதான் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'முன்னாள் நாடுகள்' என்ற பெயரிலேயே ஒரு விக்கித்திட்டம் எழுந்தது. விருப்பமுள்ளவர்கள் பெயர் பதிவு செய்வார்கள். எந்தக் கட்டுரை தங்கள் எல்லைக்குள் வரும் என்று வரையறுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தரமும் முக்கியத்துவமும் குறிப்பார்கள். ஒரே மாதிரியான தகவற்பெட்டி வைப்பார்கள்: கொடி, தலைநகர், தொடங்கிய நாள், முடிந்த நாள், முன்பிருந்த நாடு, பின்வந்த நாடு.

இந்த ஏற்பாட்டின் நன்மையை மறுக்க முடியாது. சிதறிக் கிடந்தவை வரிசைக்கு வந்தன. ஒரு நாட்டின் பெட்டியில் இருந்து அடுத்த நாட்டுக்குப் போக வழி கிடைத்தது. ஆனால் என் பார்வையில், எழுதுபவரைத் தவறான இடத்தில் ஆரம்பிக்க வைப்பதும் அந்தப் பெட்டிதான். அது கேட்கும் கேள்விக்கு ஒற்றை விடை வேண்டும். மறைந்த நாடுகள் ஒற்றை விடை தருவதில்லை.

சந்தன்நகரையே எடுத்துக்கொள்வோம். 1949 ஜூன் 19 அன்று மக்கள் வாக்களித்து இந்தியாவோடு சேர முடிவு செய்தார்கள். 1950 மே 2 அன்று நிர்வாகம் கைமாறியது. 1952 ஜூன் 9 அன்று சட்டப்படி உரிமை மாறியது. 1954 அக்டோபர் 2 அன்று மேற்கு வங்காளத்தோடு இணைந்தது. இதில் 'முடிந்த நாள்' எது? புதுச்சேரிக்கும் இதே சிக்கல் உண்டு. நிர்வாகம் மாறியது 1954 நவம்பர் 1. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16. ஒரு தன்னார்வலர் சந்தன்நகருக்கு நிர்வாக நாளையும், இன்னொருவர் புதுச்சேரிக்குச் சட்ட நாளையும் போட்டால் இரண்டுமே தனித்தனியாகச் சரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டு இடைவெளி இருந்ததாக வாசகர் நம்பிவிடுவார். தனித்தனி உண்மைகள் சேர்ந்து ஒரு பொய்யாகின்றன. இதைத் தடுக்கத்தான் கூட்டு உழைப்பு வேண்டும்.

கூச் பெஹார் இன்னும் நல்ல உதாரணம். 1949 ஆகஸ்டில் இணைப்பு ஒப்பந்தம், செப்டம்பர் 12 அன்று நிர்வாக மாற்றம், 1950 ஜனவரி 1 முதல் மேற்கு வங்காளத்தின் மாவட்டம். கதை முடிந்ததா? அந்தச் சமஸ்தானத்தின் பழைய எல்லைச் சிக்கல்களோடு பின்னிக் கிடந்த 'சிட்மஹல்' எனும் தீவுத் துண்டு நிலங்கள், இந்திய – வங்கதேச எல்லையின் இருபுறமும், 2015 ஜூலை 31 நள்ளிரவு வரை நீடித்தன. அன்றுதான் வங்கதேசத்துக்குள் இருந்த 111 இந்தியத் துண்டுகளும் இந்தியாவுக்குள் இருந்த 51 வங்கதேசத் துண்டுகளும் கைமாறின. அங்கே இருந்தவர்கள் பல்லாண்டுகள் எந்த நாட்டின் குடிமக்கள் என்ற நிம்மதி இல்லாமல் வாழ்ந்தார்கள். 1949 என்று பெட்டியில் போட்டு மூடிவிட்டால் இந்த மனிதர்கள் எங்கே போவார்கள்?

நம் சொந்த மூவேந்தருக்கும் பெட்டி பொருந்துவதில்லை. சோழர் ஆட்சி தொடங்கியது சங்க காலத்திலா, ஒன்பதாம் நூற்றாண்டின் விஜயாலயனிடமா? 1279இல் முடிந்தது என்கிறோம். ஆனால் நடுவில் பல நூற்றாண்டுகள் பெயரளவில் கிடந்த சோழரை என்ன செய்வது? புலிச் சின்னத்துக்கு முத்திரையிலும் காசிலும் சான்று உண்டு. இக்காலத்தில் கணினியில் தீட்டிய புலிக்கொடியைப் பெட்டியின் தலையில் ஏற்றினால், அப்படியே ஒரு கொடி பறந்ததாகக் குழந்தைகள் படிப்பார்கள். "கொடி இல்லாட்டி பெட்டி மொட்டையா இருக்கே" என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கட்டும். மொட்டையாக இருப்பது பிழையாக இருப்பதைவிட மேல்.

சண்டையும் நடுநிலையும்

'நாடு' என்று எதைச் சொல்வது என்பதே அடுத்த வழக்கு. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜி அறிவித்த ஆசாத் ஹிந்த் அரசை முன்னாள் நாடுகளில் சேர்ப்பதா? இந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் தேநீர் ஆறிப்போகும் வரை வாதம் நடக்கும். நமக்கும் அது அந்நியமில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களில் இருந்து சேர்ந்த தமிழர் ஏராளம். ஒரு தரப்பு "அது அரசு" என்கிறது. மறு தரப்பு "ஜப்பானின் நிழலில் நின்றது" என்கிறது. விக்கிப்பீடியாவின் நடுநிலை நோக்கு என்ற விதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. எந்த நாடுகள் அதை ஏற்றன, எந்த நிலத்தில் அதன் ஆணை உண்மையில் செல்லுபடியானது என்று பிரித்து எழுதச் சொல்கிறது. 1619இல் போர்ச்சுக்கீசியரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசுக்கும், 1815இல் வீழ்ந்த கண்டி அரசுக்கும் இதே பொறுமை தேவை. கண்டியின் கடைசி மன்னர் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தார். அவருடைய கதையை இலங்கையார் மட்டும் எழுதினாலும் குறை. நாம் மட்டும் எழுதினாலும் குறை.

பெயர்களிலும் இதே கதை. சந்திரநாகூர் என்று பழைய தமிழ் நூல்கள் எழுதின. சந்தன்நகர் என்கிறது இன்றைய வழக்கு. யூகோஸ்லாவியாவா யுகோசுலாவியாவா என்று தொடங்கும் கிரந்த எழுத்துச் சண்டை தமிழ் விக்கிப்பீடியாவில் பழைய சண்டை. இதற்கு 'வழிமாற்று' என்றொரு எளிய வசதி இருக்கிறது. எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே பக்கத்துக்கு வந்து சேரலாம். எழுத்துக்காகச் செலவாகும் நேரத்தில் பாதியை முடிவு நாள் பற்றிய விவாதத்துக்குக் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடமே பாடம் இருக்கிறது. 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் ஏற்றியது. அதன் நடையையும் தேர்வையும் தமிழ்த் தன்னார்வலர்கள் வெளிப்படையாக விமர்சித்தார்கள். விமர்சித்தது நியாயமே. உள்ளூர்க்காரர்களோடு கலந்து பேசாமல் வந்த கட்டுரை, நீளமாக இருந்தும் யாருக்கும் சொந்தமாகவில்லை.

நமக்குள்ள வேலை

"செத்துப்போன நாட்டைப் பத்தி எழுதி யாருக்கு என்ன சார் லாபம்?" என்று கேட்கலாம். லாபம் இதுதான். பெரிய சாம்ராஜ்யங்களை யாராவது எழுதிவிடுவார்கள். முக்கியத்துவப் பட்டியலில் கீழே தங்கும் சின்ன ஆட்சிகளை, அவற்றின் பக்கத்தில் வாழ்பவர்கள் எழுதாவிட்டால், ஆங்கிலக் கட்டுரையின் முதல் பத்தியே தமிழிலும் நிலைத்துவிடும். சந்தன்நகரைப் பற்றித் தமிழில் படிக்கும் மாணவன் லண்டன் வழியாகச் சுற்றித்தான் ஹூக்ளிக்கு வரவேண்டும் என்பது நியாயமா?

ஆகவே என் யோசனை பெரியதல்ல. ஆறு ஊர்கள்: ஸ்ரீராம்பூர் – தரங்கம்பாடி, சந்தன்நகர் – புதுச்சேரி, சுன்சுரா – பழவேற்காடு. ஒரு ஜோடிக்கு இருவர். ஒருவர் வங்காளம் படிக்கத் தெரிந்தவர். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்கு அது தாய்மொழி மாதிரி. மற்றவர் தமிழில் தடையில்லாமல் எழுதக்கூடியவர். அது பெரும்பாலும் ஓய்வு பெற்ற நம் தலைமுறை. எழுத உட்காரும் முன் ஒரு தாளில் மூன்று விஷயம் முடிவு செய்ய வேண்டும். முடிவு நாளை எந்த அளவுகோலில் கணக்கிடுகிறோம், எந்தப் பெயரைத் தலைப்பாக்குகிறோம், எதை இன்னும் தீராத வழக்கு என்று கட்டுரையிலேயே சொல்லப்போகிறோம். அந்தத் தாளை உரையாடல் பக்கத்தில் போட்டுவிட வேண்டும். பின்னால் வருபவர் மாற்ற நினைத்தால் காரணத்தோடு மாற்றுவார். பெட்டியைக் கடைசியில் நிரப்பலாம்.

சான்றுக்கு அலிப்பூரில் தேசிய நூலகம் இருக்கிறது. எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூல் தொகுப்பே அங்கேதான் வந்து சேர்ந்தது. ஊர்களின் பழைய கட்டடங்களை நாமே படமெடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். ரயில் கட்டணம் தவிர வேறு செலவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விக்கிப்பீடியா ஏற்கெனவே வெளியிடப்பட்ட நம்பகமான சான்றைத்தான் ஏற்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை அது ஏற்காது. புதுச்சேரியில் பிறந்து இங்கே வந்து சேர்ந்த ஒரு பாட்டி, தன் சிறுவயதில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதைப் பற்றிச் சொன்னால் அது அங்கே ஆதாரம் ஆகாது. விதியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது இல்லாவிட்டால் எவரும் எதையும் எழுதலாம் என்றாகிவிடும். அந்தப் பேச்சைப் பெயரோடும் நாளோடும் பதிவு செய்து அச்சிடுவது நம் போன்ற சங்க மலர்களின் கடமை. அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது தாண்டிவிட்டது. கட்டுரையை அடுத்த வருடமும் எழுதலாம். அவர்களிடம் கேட்பதை இந்தப் பூஜை விடுமுறைக்குள் தொடங்கிவிடுவது நல்லது.